வெயிலும் நோய்க் கிருமிகளும்

கழுவிய பால் பாத்திரத்தை வெயிலில் காய வைக்கிறோம். காய்ச்சலில் கிடந்தவரின் பாயையும் தலையணையையும் வெயிலில் போடுகிறோம். குழந்தையின் துணிகளை நிழலில் உலர்த்தக் கூடாது என்கிறார்கள் பாட்டிமார்கள். "வெயிலில் கிருமி சாகும்" என்பது பள்ளிக்குச் செல்லாதவர்களும் அறிந்த செய்தி.

இந்தச் செய்தி உண்மையா? உண்மை என்றால் எந்த அளவுக்கு? வெயிலில் எதனால் கிருமி சாகிறது? வெயில் பட்ட பொருளில் ஏதேனும் சக்தி தங்கிவிடுகிறதா? இக்கேள்விகளுக்கு விடை காண அறிவியலுக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றின் முக்கியமான கட்டங்கள் சில நம் தமிழ்நாட்டிலேயே, செங்கற்பட்டு, சென்னை, வேலூர் ஆகிய இடங்களில் நடந்தேறின.

வெயில் செய்யும் மூன்று வேலைகள்

வெயில் ஒரே சமயத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. பொருளைச் சூடாக்குகிறது, அதிலுள்ள நீரை வெளியேற்றுகிறது, அதன்மீது ஒளியைப் பொழிகிறது. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பமே மிஞ்சும்.

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில் கருவாடு காய்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பச்சை மீன் ஒரே நாளில் கெட்டுவிடுகிறது. கருவாடோ மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. இதை ஒளியின் வேலை என்று நினைத்தால் அது தவறு. உப்பும் வெப்பமும் மீனின் தசையிலுள்ள நீரை வெளியேற்றுகின்றன. நீர் இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் பெருக முடிவதில்லை. ஒளி மீனின் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே செல்வதே அரிது. ஆகவே கருவாட்டைக் காப்பது வறட்சியே. கருவாடு மழையில் நனைந்தால் மீண்டும் கெடத் தொடங்குவதற்குக் காரணமும் இதுதான்.

வெயிலில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் பாத்திரமும் இப்படித்தான். அதன் உட்புறத்தில் ஒளி படுவதே இல்லை. அங்கே வேலை செய்வது சூடும் வறட்சியும். ஒளி உள்ளே பட வேண்டுமானால் பாத்திரத்தைச் சாய்த்து, வாய் சூரியனை நோக்கியிருக்குமாறு வைக்க வேண்டும்.

அப்படியானால் ஒளி தனியாகக் கிருமியைக் கொல்லுமா?

ஈயத் தகடு சுற்றிய குழாய்கள்

இக்கேள்வியை முதன்முதலில் முறையாகச் சோதித்தவர்கள் ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1877 ஆம் ஆண்டில் அவர்கள் தங்கள் ஆய்வை இலண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார்கள். சோதனை மிக எளியது. நுண்ணுயிர்கள் நன்கு வளரக்கூடிய ஊட்டத் திரவத்தைச் சோதனைக் குழாய்களில் ஊற்றினார்கள். சில குழாய்களை அப்படியே வெயிலில் வைத்தார்கள். மற்றவற்றை ஈயத் தகட்டால் மூடி அதே இடத்தில் வைத்தார்கள். மூடிய குழாய்களிலிருந்த திரவம் சில நாட்களில் கலங்கிற்று. அதாவது அங்கே பாக்டீரியாக்கள் பெருகின. வெயில் பட்ட குழாய்கள் தெளிவாகவே இருந்தன.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. வெவ்வேறு நிறக் கண்ணாடிகளின் ஊடே ஒளியைச் செலுத்திப் பார்த்து, நீலமும் ஊதாவுமே அதிக ஆற்றலுள்ளவை என்று கண்டார்கள். சிவப்புக்கு அந்த ஆற்றல் குறைவு. வெப்பமே காரணமாக இருந்தால் முடிவு இவ்வாறு அமைந்திராது. ஒளியின் வேலைக்கு ஆக்சிஜன் துணை வேண்டும் என்பதையும் அவர்கள் கண்டறிந்தார்கள். அதன் பொருள் விளங்க நெடுங்காலம் ஆயிற்று.

மாறியது கிருமியா, உணவா?

இப்போது ஓர் ஐயம் எழுந்தது. ஒளி கிருமியை நேராகத் தாக்குகிறதா? அல்லது கிருமியின் உணவான திரவத்தை மாற்றி, அதைக் கிருமிக்கு ஒவ்வாத பொருளாக்குகிறதா? பின்னதே உண்மை என்றால், வெயிலில் வைத்த திரவமே ஒரு கிருமிநாசினி ஆகிவிடும் அல்லவா?

இந்த ஐயம் வீண் ஐயம் அன்று. பிரான்சில் பாஸ்டரின் உடனுழைப்பாளரான எமில் ரூ, 1887 இல், ஒளியில் வைத்த ஊட்டத் திரவத்தில் ஆந்த்ராக்ஸ் வித்துகள் முளைக்கத் தயங்குவதைக் கண்டார். 1893 இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் கரிமப் பொருள்கள் கலந்த திரவங்களில் ஒளி பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிதளவு உண்டாகிறது என்று காட்டினார். காயத்தைக் கழுவும்போது நுரைக்கும் அதே பொருள்தான் இது.

ஐயத்தைத் தீர்க்க வழி கண்டவர் மார்ஷல் வார்டு என்ற தாவரவியலறிஞர். 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி, அங்குள்ள காப்பித் தோட்டங்களை அழித்துக் கொண்டிருந்த துரு நோயை ஆராய்ந்தவர் இவர். 1890களின் தொடக்கத்தில் அவர் ஆந்த்ராக்ஸ் வித்துகள் கலந்த அகார் கூழைத் தட்டில் பரப்பி, எழுத்து வடிவில் வெட்டிய மறைப்பின் ஊடே ஒளியைச் செலுத்தினார். பிறகு தட்டை இருட்டில் வைத்தார். ஒளி பட்ட எழுத்து வடிவில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. சுற்றிலும் கிருமிகள் அடர்ந்து வளர்ந்தன. எழுத்தின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. கூழில் உண்டான ஏதோ ஒரு பொருள் மட்டுமே காரணம் என்றால், அது மெல்லப் பரவி விளிம்பு மங்கியிருக்க வேண்டும். ஒளி கிருமியின்மீதே செயல்படுகிறது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

திரவத்தில் உண்டாகும் பெராக்சைடோ மிகச் சொற்பம். அது நிலைப்பதும் இல்லை. வெயிலின் வேலை பெரும்பாலும் வெயில் படும் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. இதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன்; பின்னால் இது பயன்படும்.

தாம்பரத்தில் ஒரு சானடோரியம்

1890 ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த மருத்துவ மாநாட்டில், காச நோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக் ஒரு செய்தியைக் கூறினார். நேர் வெயிலில் அக்கிருமி சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் இறந்துவிடுகிறது. எத்தனை நேரம் என்பது கிருமிப் படலத்தின் தடிப்பைப் பொறுத்தது. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன், செறிவூட்டிய ஒளியைக் கொண்டு தோலில் வரும் காச நோயைக் குணப்படுத்தி, 1903 இல் நோபெல் பரிசு பெற்றார். ஐரோப்பாவெங்கும் வெயிலும் காற்றும் நிறைந்த இடங்களில் சானடோரியங்கள் எழுந்தன.

அந்த அலை செங்கற்பட்டு மாவட்டத்தையும் எட்டியது. டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் பயின்று, அங்கே மெண்டிப் மலைப் பகுதியில் காச நோயாளிகளுக்காக ஒரு சானடோரியத்தை நடத்தி வந்தார். கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது சில காலம் தங்கியிருந்ததும் அங்கேதான். இந்தியா திரும்பிய சௌரிமுத்து, 1928 இல், தாம்பரத்தில் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். தொடக்கத்தில் இருந்தவை 12 படுக்கைகள். 1937 இல் சென்னை அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான். மின்சார ரயில் நின்று செல்லும் 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்தின் பெயர்க் காரணமும் அதுவே.

அக்காலத்தில் காச நோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வு, நல்ல உணவு, திறந்தவெளிக் காற்று, வெயில் இவையே சிகிச்சை. பலர் தேறினார்கள், பலர் தேறவில்லை. நோயாளி துப்பிய சளி வெயிலில் காய்ந்தால் அதிலுள்ள கிருமி இறக்கும். காற்றோட்டமுள்ள இடத்தில் பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு குறையும். இந்த இரண்டும் உண்மை. ஆனால் நுரையீரலுக்குள் இருக்கும் கிருமியை வெயில் எப்படித் தொடும்? மார்பின்மேல் விழும் புற ஊதாக் கதிர் தோலின் மேலடுக்கிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது.

சென்னை தந்த தீர்ப்பு

இக்கேள்விக்கு விடை சென்னையில் கிடைத்தது. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநயாசிட் ஆகிய மருந்துகள் வந்த பிறகு, 1956 இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காச நோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் தலைமை மருத்துவர்.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கி மருந்து உட்கொண்டார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்து, அதே மருந்தை ஓராண்டு உட்கொண்டார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல உணவும் காற்றும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களுக்கு இவை குறைவு. ஆயினும் 1959 இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தினருக்கு அதிகமாக நோய் பரவியதாகவும் தெரியவில்லை.

உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்த ஆய்வு ஒரு முக்கிய காரணம். மருந்து இருக்கையில், குணமாவதற்கு மலைக் காற்றோ வெயில் குளியலோ இன்றியமையாதது அன்று என்று தெளிவாயிற்று. ஏழை நோயாளி வேலையையும் குடும்பத்தையும் விட்டு ஓராண்டு எங்கோ தங்க வேண்டிய நிலை நீங்கிற்று. அந்த மையமே இன்று சேத்துப்பட்டிலுள்ள தேசிய காச நோய் ஆராய்ச்சி நிறுவனம்.

கொல்லும் கதிர் எது?

இனி சற்று இயற்பியலைப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. 400க்குக் கீழே இருப்பவை புற ஊதாக் கதிர்கள். 1930ஐ ஒட்டி, ஃபிரெடெரிக் கேட்ஸ் என்ற அமெரிக்கர் எந்தெந்த அலைநீளம் பாக்டீரியாவை எவ்வளவு கொல்கிறது என்று அளந்தார். 265 நானோமீட்டரை ஒட்டிய கதிர்கள் மிகுந்த ஆற்றலுள்ளவையாக இருந்தன. நியூக்ளிக் அமிலம் அதிகம் உறிஞ்சுவதும் இதே பகுதியைத்தான். உயிரின் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. சிதைவதால் கிருமி பெருக முடியாமல் போகிறது.

வீட்டுச் சுவரில் மாட்டும் நீர் சுத்திகரிப்புக் கருவிகள் பலவற்றில் உள்ள பாதரச விளக்கு 254 நானோமீட்டர் கதிரைத் தருகிறது. அது சில விநாடிகளில் வேலையை முடித்துவிடும். ஆனால் சூரியனிடமிருந்து வரும் கதிர்களில் 290க்குக் குறைந்தவற்றை வளிமண்டலத்தின் ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. அது தடுப்பதால்தான் நாமும் உயிர் வாழ்கிறோம். நமக்குக் கிடைப்பது 290 முதல் 315 வரை சிறிதளவும், 315 முதல் 400 வரை தாராளமாகவும் உள்ள கதிர்களே. நீண்ட அலைநீளமுள்ள இக்கதிர்கள் வேறு வழியில் கொல்கின்றன. கிருமியின் உள்ளேயுள்ள சில நிறமிகள் இவற்றை உறிஞ்சி, அந்த ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கொடுக்கின்றன. வீரியம் பெற்ற ஆக்சிஜன் செல்லை அரித்துவிடுகிறது. டவுன்சும் பிளன்டும் ஆக்சிஜன் தேவை என்று சொன்னதன் பொருள் இதுதான். இம்முறை மெதுவானது. விநாடிகள் போதா, மணிக்கணக்கில் வெயில் வேண்டும்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி 310 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். எனவே மூடிய கண்ணாடி ஜன்னலின் ஊடே வரும் வெயிலுக்கு வலிமை குறைவு. மாமல்லபுரம் வட அட்சம் 12.6 பாகையில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டியும், ஆகஸ்டு மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் அங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. கதிர்கள் செங்குத்தாக இறங்கும்போது காற்று மண்டலத்தில் கடக்கும் தூரம் குறைவு. எனவே புற ஊதாப் பகுதி அதிகம் வந்து சேர்கிறது. காலை ஏழு மணி வெயிலும் நண்பகல் வெயிலும் ஒன்றல்ல.

தொழுநோய்க் கிருமியின் பிடிவாதம்

எல்லாக் கிருமிகளும் வெயிலுக்கு எளிதில் பணிவதில்லை. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வெலிங்டன் பெயரால் தொழுநோய் இல்லம் ஒன்று இருந்தது. 1955 இல் மத்திய அரசு அதை ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. ஒரு காலத்தில் தொழுநோயாளியின் துணி, பாய், பாத்திரம் எல்லாவற்றையும் கண்டு ஊர் அஞ்சிற்று. உடலுக்கு வெளியே அக்கிருமி எவ்வளவு காலம் பிழைக்கும் என்பதை யாரும் அளந்து பார்த்திராத காலம் அது.

கே.வி. தேசிகனும் ஸ்ரீவத்சாவும் இதை ஆராய்ந்து 1995 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாள்தோறும் மூன்று மணி நேரம் வீதம் நேர் வெயிலில் வைத்தும், ஏழு நாட்கள் வரை அக்கிருமியில் உயிருள்ளவை இருந்தன. நிழலில் உலர்த்தியபோது ஐந்து மாதங்கள் வரை இருந்தன. வெயில் அதன் ஆயுளைப் பெரிதும் குறைக்கிறது. ஆயினும் ஒரு பிற்பகல் வெயில் போதாது. தொழுநோயை இன்று கட்டுப்படுத்தி வைத்திருப்பது 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையே. மருந்து தொடங்கியவரிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு விரைவில் மறைந்துவிடுகிறது. ஊரின் அச்சத்தைப் போக்கும் பேருதவியை மருந்தே செய்தது.

வேலூரில் ஒரு புட்டி நீர்

வெயில் உண்மையில் உயிர் காக்கும் இடம் ஒன்று உண்டு. அது குடிநீர். பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலையே அசுத்த நீரில் கலக்க வேண்டிய நிலை பல வீடுகளில் இருந்தது. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஃப்டிம் அக்ராவும் உடனுழைப்பாளரும் அக்கரைசலை வெயிலில் வைத்துக் கிருமி நீக்க முடியும் என்று 1980 இல் அறிவித்தார்கள். 1991 முதல் சுவிட்சர்லாந்தின் நீரியல் ஆராய்ச்சி நிறுவனம் இதை ஒரு வீட்டு முறையாக வளர்த்தெடுத்தது.

முறை இதுதான். நிறமற்ற, கீறல் விழாத, இரண்டு லிட்டருக்கு மேற்படாத பிளாஸ்டிக் புட்டியில் தெளிந்த நீரை நிரப்புக. வீட்டுக் கூரையில் அதைப் படுக்க வைத்து ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் விடுக. வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். அடைமழை நாளில் இம்முறை உதவாது. நீரைக் கொதிக்க வைப்பதே வழி. நீரின் சூடு 50 டிகிரி செல்சியசைத் தாண்டினால் வெப்பமும் ஒளியும் கைகோத்து ஒரு மணி நேரத்திலேயே வேலையை முடிக்கும். நீர் கலங்கியிருந்தால் முதலில் வடிகட்டுக. கலங்கல் கதிர்களைத் தடுத்துவிடும். நீரிலுள்ள உப்பு, ஃபுளோரைடு போன்றவற்றை இம்முறை நீக்காது. ஆகவே கடற்கரையோரத்து உவர்க் கிணற்று நீர் வெயிலில் வைத்த பின்னும் உவர்நீரே.

இது ஆய்வுக் கூடத்தில் சரி, வீட்டில் பயன்படுமா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் 200 குழந்தைகளைக் கொண்டு இதைச் சோதித்து, 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். வெயிலில் வைத்த நீர் பெற்ற குழந்தைகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.7 முறை பேதி கண்டது. மற்றக் குழந்தைகளுக்கு 2.7 முறை. இத்தனைக்கும் முதற் பிரிவில் 86 சதவிகிதக் குழந்தைகள் இடையிடையே வேறு நீரையும் குடித்திருந்தார்கள். பொலிவியா நாட்டில் நடந்து 2009 இல் வெளியான ஓர் ஆய்விலோ குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை. அங்கே பெரும்பாலான வீடுகள் முறையை ஒழுங்காகக் கைக்கொள்ளவில்லை. கதிர்கள் எங்கும் ஒன்றே. புட்டியை நாள்தோறும் கூரையில் எடுத்து வைக்கும் கைகளும் வேண்டும்.

வண்ணப் புட்டிகளின் கதை

டவுன்சும் பிளன்டும் ஆய்வை வெளியிட்டதற்கு மறு ஆண்டு, 1878 இல், அமெரிக்காவில் எட்வின் பாபிட் என்பவர் ஒளியையும் நிறத்தையும் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். வண்ணக் கண்ணாடியின் ஊடே வெயில் பட்ட நீரில் அந்த நிறத்தின் மருத்துவ சக்தி ஏறிவிடுகிறது என்பது அவர் கொள்கை. சிவப்புப் புட்டி நீர் ஒரு நோய்க்கு, நீலப் புட்டி நீர் வேறொரு நோய்க்கு என்று அந்த வழக்கம் நம் நாட்டிலும் பரவிற்று. நீர் மட்டுமன்றி எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றிலும் 'சூரிய சக்தி ஏற்றி' மருந்தாகத் தருவோர் உள்ளனர்.

முதல் இருவர் மூடிய குழாயையும் மூடாத குழாயையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். பாபிட்டின் கொள்கைக்கு அத்தகைய ஒப்பீடு கிடையாது. வண்ணக் கண்ணாடி எதையும் சேர்ப்பதில்லை. வெள்ளொளியில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகிறது. எனவே கிருமியைக் கொல்ல நிறமற்ற புட்டியே மேலானது. நீர் உறிஞ்சும் ஒளி வெப்பமாக மாறி, மாலைக்குள் காற்றில் கலந்துவிடுகிறது. வெயிலில் வைத்த நீர் கிருமியற்ற நீராகலாம். கிருமியைக் கொல்லும் நீராவதில்லை. அந்த நீரை அழுக்குக் குவளையில் ஊற்றினால் மீண்டும் கிருமி ஏறிவிடும்.

ஒளி ஒரு பொருளில் நிலையான மாற்றத்தை உண்டாக்கி, அதற்குப் புதிய குணம் தருவதும் உண்டு. 1924 இல் ஹேரி ஸ்டீன்பாக், புற ஊதாக் கதிர் பட்ட உணவு எலிகளின் ரிக்கெட்ஸ் நோயைத் தடுப்பதைக் காட்டினார். கொழுப்பைச் சேர்ந்த ஒரு பொருள் கதிர் பட்டு வைட்டமின் டி ஆக மாறுகிறது. நம் தோலிலும் இதுவே நிகழ்கிறது. இங்கே உண்டான பொருளைப் பிரித்தெடுக்கலாம், அளக்கலாம், எடை போடலாம். 'ஏற்றிய சக்தி'யை இப்படி யாரும் அளந்து காட்டவில்லை.

இந்த வேறுபாடு வெறும் வாதம் அன்று. மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிற ஒருவர் வண்ணப் புட்டி நீரை நம்பி மாதங்களைக் கழித்தால், அவர் நுரையீரல் கெடுவதோடு வீட்டிலுள்ள குழந்தைக்கும் காச நோய் தொற்றும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்கள் 1877 ஆம் ஆண்டுச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். காய்கறி வேக வைத்த நீரை ஆறவிட்டு வடிகட்டி, ஒரே மாதிரியான இரண்டு நிறமற்ற சிறு புட்டிகளில் பாதியளவு ஊற்றுங்கள். ஒன்றை அலுமினியத் தாளால் முழுவதும் சுற்றுங்கள். சூடு இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும்படி இரண்டையும் தண்ணீர் நிறைந்த அகலமான தட்டில் நிறுத்தி, நாள்தோறும் வெயிலில் வையுங்கள். எது முதலில் கலங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புட்டிகளைத் திறந்து முகரவோ சுவைக்கவோ கூடாது. முடிந்ததும் மூடியபடியே எறிந்துவிடுங்கள். பிறகு அதையே ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தும், சிவப்புத் தாளும் நீலத் தாளும் சுற்றியும் பாருங்கள்.

பாயை வெயிலில் போடச் சொன்ன பாட்டியின் சொல் சரியானதே. பாயின் இரு பக்கமும் வெயில் பட வேண்டும், நண்பகலில் மணிக்கணக்கில் பட வேண்டும் என்பதை மட்டும் அறிவியல் அதோடு சேர்த்துச் சொல்கிறது.